பணக்கார நாடுகளில்தான் குடும்பங்கள் அதிகம் செலவழிக்கின்றனவா?

தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஆமாம். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் குடும்பச் செலவின் பங்கைப் பார்த்தால் கதை மாறிவிடும். அமெரிக்காவில் அது 68 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, இந்தியாவில் 60ஐ ஒட்டி. பாகிஸ்தானிலோ 80ஐயும் தாண்டுகிறது. வருமானம் குறைவாக இருக்கும்போது சேமிக்க மிஞ்சுவதும் குறைவுதானே.

சீனா தனி ரகம். அங்கே சுமார் 40 சதவீதம்தான். உற்பத்தியின் பலனில் குடும்பங்களின் கைக்கு வருவது குறைவு, வந்ததிலும் மருத்துவம், முதுமை, பிள்ளைகளின் படிப்பு என்று பயந்து நிறைய சேமித்துவிடுகிறார்கள். சமூகப் பாதுகாப்பு பலப்படாமல் ‘செலவு செய்யுங்கள்’ என்று அரசு சொல்வதால் மட்டும் இது மாறாது என்பது என் கணிப்பு.

சரி, எதற்குச் செலவாகிறது? வருமானம் உயர உயர உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்று 1857இல் ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் சொன்னது இன்றும் பொருந்துகிறது. நைஜீரியாவில் குடும்பச் செலவில் பாதிக்கு மேல் உணவுக்கே போகிறது, அமெரிக்காவில் வெளியே சாப்பிடுவதையும் சேர்த்தால்கூட 15 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதனால்தான் உலகச் சந்தையில் தானிய விலை ஏறும்போது ஏழை நாடுகளில் மற்ற எல்லாச் செலவும் சுருங்குகிறது.

இந்தியாவின் 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் உணவின் பங்கு கிராமங்களில் சுமார் 46, நகரங்களில் 39 சதவீதம். மிச்சமாகும் பணம் முதலில் போக்குவரத்து, செல்போன், வீட்டுச் சாதனங்கள் பக்கம் போகும். அப்புறம்தான் சேவைகள். வளர்ந்த நாடுகளில் வாடகை போன்ற குடியிருப்புச் செலவுதான் பெரும் பங்கை விழுங்குகிறது, அமெரிக்காவில் மருத்துவமும் சேர்ந்துகொள்கிறது. மக்கள்தொகை முதுமை அடைவதால் மருத்துவப் பங்கு இன்னும் ஏறும்.