ஆய்வகத்தோடு ஒப்பந்தம் என்று கல்லூரி சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. வேதியியல்தான் வேண்டும் என்கிறாள். அவள் அப்பாவோ பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். இதற்கு நடுவில் ஒரு தனியார் கல்லூரி, தேசிய ஆய்வகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கிறது என்று கையேட்டில் போட்டுவிட்டு, பக்கத்து ஊர் அரசு உதவிபெறும் கல்லூரியைவிட மூன்று மடங்கு கட்டணம் கேட்கிறது. கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. பள்ளியிலிருந்து காரைக்குடி ஆய்வகத்துக்குப் போய்வந்தபோது கிடைத்த சான்றிதழ் சேர்க்கைக்கு உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சான்றிதழ் விஷயம் சின்னது, முதலில் முடித்துவிடலாம். அதற்கு மதிப்பெண் கிடையாது. பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் கட்-ஆஃப் போடுவார்கள். ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத்தேர்வு. எங்கேயும் ஒருநாள் பயணத்தின் சான்றிதழைக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பயணம் வீண் போகவில்லை என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று அங்கே காட்டியதிலிருந்து, எந்த வீட்டு பால்கனியில் காரை பெயர்ந்திருந்தாலும் நின்று பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். காரைக்குடி ஆய்வகம் உட்படப் பல தேசிய ஆய்வகங்களை நடத்தும் மத்திய அரசின் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 2017இல் கேந்திரிய வித்யாலயாக்களோடு சேர்ந்து ஆரம்பித்த 'ஜிக்யாசா' திட்டத்தின் நோக்கமே மாணவர்களையும் விஞ்ஞானிகளையும் ஒரே இடத்தில் நிற்க வைப்பதுதான். பிறகு அது மற்ற பள்ளிகளுக்கும் விரிந்தது. அதன் வேலை ஆசையைக் கிளப்பிவிடுவதோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் கருவி இருக்கும், ஆள் இருக்கும், ஆனால் பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகம் வேண்டும். பல்கலைக்கழகத்திடம் மாணவர்கள் இருப்பார்கள், கோடி ரூபாய் கருவி இருக்காது. இரண்டும் கைகோப்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த ஆய்வகம்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஊர் வழக்கில் சிக்ரி. 1948இல் அடிக்கல், 1953 ஜனவரியில் திறப்பு. அரிமானத்தை, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதை, சோதிக்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலும் அதற்கு ஒரு மையம் இருக்கிறது. அந்த உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று ராமநாதபுரத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த சிக்ரி வளாகத்திலேயே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் ஒரு பி.டெக். படிப்பு நடக்கிறது. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது. பெண்ணுக்கு வேதியியல், அப்பாவுக்கு இன்ஜினியரிங், இரண்டும் இதில் வந்துவிடும். பிளஸ் டூவில் கணிதம் எடுத்திருக்கிறாள் என்பதால் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். இடங்கள் குறைவு, சேர்க்கை விதிகளை இந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியூரில் இதே மாதிரி இன்னொன்று மும்பையில் இருக்கிறது. மும்பைப் பல்கலைக்கழகமும் அணுசக்தித் துறையும் சேர்ந்து 2007இல் தொடங்கிய அடிப்படை அறிவியல் மையம். ஐந்தாண்டு எம்.எஸ்சி., நெஸ்ட் என்னும் தேசிய நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்க்கை. இவையெல்லாம் சேர்ந்தே பாடம் நடத்தும் கூட்டு.

உங்கள் கல்லூரி சொல்வது இந்த வகையா என்பதுதான் சந்தேகம். நான் பார்த்த ஒப்பந்தங்களில் பாதி, பொன்னாடை போர்த்தி, கோப்பு மாற்றி, போட்டோ எடுத்ததோடு தூங்கிவிட்டவை. போட்டோ மட்டும் வருடா வருடம் கையேட்டில் வந்துகொண்டிருக்கும். அதனால் முதல்வர் அறைக்குப் போகாதீர்கள், வேதியியல் துறைக்குப் போய்த் துறைத்தலைவரைப் பாருங்கள். போன இரண்டு வருடங்களில் எத்தனை பேர் அந்த ஆய்வகத்துக்குப் போனார்கள், சுற்றிப் பார்க்கப் போனார்களா, தங்கி வேலை செய்யப் போனார்களா, எத்தனை நாள் என்று கேளுங்கள். இளநிலை மாணவர்கள் போனார்களா, எம்.எஸ்சி. மாணவர்கள் மட்டும்தானா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். பெரும்பாலும் எம்.எஸ்சி.யாகத்தான் இருக்கும். அப்படியென்றால் மூன்று வருடம் நீங்கள் கட்டும் கூடுதல் பணம் யாருக்கோ போகிறது. கடைசியாக, ஒரே ஒரு பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கச் சான்றில் ஆய்வக விஞ்ஞானியின் பெயரும் கையெழுத்தும் இருந்தால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. 'லைப்ரரியில் இருக்கிறது, அப்புறம் வாருங்கள்' என்றால் உங்களுக்கே புரிந்துவிடும்.

இதில் நானும் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு பையனிடம், கிடைக்கிற சான்றிதழையெல்லாம் சேர்த்துக்கொண்டே வா என்று சொல்லிவிட்டேன். தடிமனான ஃபைலோடு நேர்காணலுக்குப் போனான். அவர்கள் ஒரு சான்றிதழை உருவி, 'இந்த ஆய்வகத்தில் எந்தக் கருவியில் வேலை செய்தாய்?' என்று கேட்டிருக்கிறார்கள். அவன் அங்கே மதியச் சாப்பாடு வரைதான் இருந்தான். திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கல்லூரிக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பெண் தானே ஆய்வகத்துக்குள் போக வழி உண்டு. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். விண்ணப்பிப்பவர் எந்தக் கல்லூரி என்பதைவிட, என்ன செய்ய விரும்புகிறார் என்று எழுதும் பக்கமும் ஆசிரியர் தரும் பரிந்துரையும்தான் அங்கே எடுபடும். பிளஸ் டூ மதிப்பெண்ணில் தன் தேர்வு வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருந்தால் அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். ஆண்டுக்கு 80,000 ரூபாய், அதில் 20,000 கோடையில் ஆராய்ச்சி செய்வதற்காகவே ஒதுக்கியது. சில ஆய்வகங்கள் ப்ராஜெக்ட் மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதுண்டு. அது ஆய்வகத்தின் கணக்கில், ரசீதோடு போக வேண்டும். நடுவில் 'நான் இடம் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்பாவின் பயம் வேலையைப் பற்றியது, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. எம்.எஸ்சி. வரை போவதாக இருந்தால்தான் இந்தப் பாதை. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் விதிப்படி வீட்டு வாடகைப் படியும் வாங்கிக்கொண்டே பிஎச்.டி. செய்யலாம். ஆராய்ச்சி வேண்டாம் என்றாலும் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மின்சார ஸ்கூட்டர், பேட்டரி ஆலைகள் இருக்கின்றன. பேட்டரி என்பது வேதியியல்தானே.

என்னைக் கேட்டால், முதலில் சிக்ரி பி.டெக். கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர் அரசு உதவிபெறும் கல்லூரி போதும். மிச்சமாகும் பணத்தைக் கோடை விடுமுறைப் பயணத்துக்கும் விடுதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதையொட்டி ஆய்வகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். இந்தமுறை பெண்ணோடு அவள் அப்பாவையும் அனுப்பி வையுங்கள்.