பொன்னிறக் காட்டுக்கு முன்பணம் கட்டும் முன்

கேள்வி: சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், தாரிம் ஆற்றங்கரைப் பாப்லர் காட்டைப் பார்க்க நானும் 67 வயது அம்மாவும் போகவிருக்கிறோம். அக்டோபர் 2 முதல் ஐந்து நாள் பேக்கேஜுக்கு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். அப்போதே மரமெல்லாம் மஞ்சளாகிவிடும் என்கிறார். கட்டலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: கட்டாதீர்கள். அக்டோபர் முதல் வாரத்தில் அங்கே பெரும்பாலும் பச்சைதான் இருக்கும். நீங்கள் கேட்கும் வனப்பூங்கா லுன்டாய் ஊருக்குத் தெற்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இரவுக் குளிர் இறங்கினால்தான் இலையில் பச்சையம் வடிந்து மஞ்சள் தெரியும். அது முற்றுவது அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான். பிறகு பலத்த காற்று ஒன்று அடித்தாலே கிளைகள் மொட்டையாகிவிடும் என்பதால் தள்ளிப்போடவும் கூடாது. 22 முதல் 29-க்குள் போய்வாருங்கள்.

ஏஜென்ட் காட்டிய படங்கள் எந்த ஊரில் எடுத்தவை என்று கேளுங்கள். அக்டோபர் தொடக்கத்திலேயே பொன்னிறமாக நிற்பது உள்மங்கோலியாவின் எஜினா காடு. அது லுன்டாயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே இருக்கிறது. அந்தப் படத்தைக் காட்டி இந்தக் காட்டை விற்பது பழைய தந்திரம். எஜினாவுக்கே போகலாமே என்றால், அக்டோபர் 1 முதல் சீனாவின் தேசிய விடுமுறை. கூட்டமும் அறை வாடகையும் தாங்காது. ஜியுச்சுவான் ராக்கெட் ஏவுதளமும் அந்த வட்டாரத்துக்குள்தான் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்காமல் அங்கே கிளம்பக் கூடாது.

அடுத்தது கடிகாரம். பேக்கேஜ்காரர்கள் இதில்தான் ஏமாற்றுகிறார்கள். அதிகாரபூர்வ நேரம் பெய்ஜிங் நேரம்; உள்ளூர் மக்கள் பலர் புழங்குவது அதைவிட 2 மணி நேரம் பின்தங்கிய நேரம். அக்டோபர் கடைசியில் லுன்டாயில் சூரியன் உதிப்பதே பெய்ஜிங் நேரப்படி காலை 8.45 வாக்கில்தான், மறைய மாலை ஏழரை ஆகும். காடு பொன்னாக மின்னுவது சாயுங்கால வெயிலில், ஆறு மணிக்குமேல். ஐந்து மணிக்கே வண்டியைத் திருப்பும் பயணத்திட்டத்தில் நீங்கள் பார்ப்பது உச்சிவெயிலில் வெளிறிய மரங்களை மட்டுமே. ஓட்டுநர் எத்தனை மணி என்று சொன்னாலும், அது எந்த நேரப்படி என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய நகரமான கொர்லாவில் தங்கி ஒரே நாளில் போய்வரலாம் என்பார்கள். கொர்லாவிலிருந்து லுன்டாய் சுமார் 180 கி.மீ., அங்கிருந்து பூங்கா 70. போகவர 500 கி.மீ. அம்மாவின் முதுகு தாங்காது. மாலை வெயிலும் கிடைக்காது. லுன்டாயில் இரண்டு இரவு தங்குங்கள்.

தங்குமிடம்தான் பெரிய தலைவலி. வெளிநாட்டவரைச் சேர்க்கத் தகுதியில்லை என்று சொல்லி விடுதிகள் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024 மே மாதமே சீன அரசு சொல்லிவிட்டது. காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் சின்ன ஊர் விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பவருக்குக் கணினியில் பாஸ்போர்ட்டைப் பதியத் தெரியாது. ‘முடியாது’ என்பது அவருக்குச் சுலபம். உத்தரவு போட்டவர்கள் அந்த மேசைக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தால் வயதானவர்கள் இரவில் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதில்லை. முன்பதிவுச் செயலியில் ‘உறுதி’ என்று வந்தாலும் நம்பாமல், விடுதிக்கே சீன மொழியில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்போதுதான் ஓட்டுநர், “எங்க சொந்தக்காரங்க பண்ணை வீடு இருக்கு, பதிவெல்லாம் வேண்டாம்” என்பார். வேண்டும். விடுதியில் தங்கினால் பதிவு விடுதியின் வேலை. தனியார் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். ஒரே ஒரு இரவானாலும், காசு கொடுக்காமல் தங்கினாலும் இதுதான் சட்டம். வீட்டுக்காரர் கூட வர மறுத்தால் அங்கே தங்காதீர்கள்.

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. அம்மாவுடையது இந்திய பாஸ்போர்ட் என்றால் கட்டாயம் தேவை. ஷின்ஜியாங்கின் தலைநகரான உருமுச்சியிலிருந்து கொர்லாவுக்கு விமானம் ஏறுவதானால் பவர்பேங்க்கில் ‘3சி’ என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2025 ஜூன் 28 முதல் அது இல்லாததை உள்நாட்டு விமானங்களில் ஏற்றுவதில்லை. ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும்.

பூங்காவுக்குள் சிறு ரயில் ஓடுகிறது. அம்மாவை அதில் ஏற்றிவிடுங்கள். இரவில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், மாலை வெயிலுக்குக் காத்திருக்கும்போதே கம்பளிக் குல்லா வேண்டியிருக்கும். ‘மூவாயிரம் ஆண்டு மரம்’ என்று சொல்லித் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆயிரம் ஆண்டு வாழும், செத்து ஆயிரம் ஆண்டு நிற்கும், விழுந்து ஆயிரம் ஆண்டு மக்காது என்பது சொலவடை. உயிரோடு நிற்பவை அதிகம் போனால் சில நூறு ஆண்டு மரங்களே. பார்க்க வேண்டியது இலையை. இளங்கிளையில் மூங்கில் இலைபோல ஒடுங்கி நீண்டிருக்கும். அதே மரத்தின் உச்சியில் பூவரச இலைபோல அகன்று, விளிம்பில் பல் வைத்திருக்கும். பட்டை வெடித்த இடத்தில் வெள்ளையாகக் காய்ந்திருப்பது மரம் கக்கிய உப்பு; சுரண்டாதீர்கள்.

ஏஜென்ட் தேதியை மாற்றத் தயாரென்றால், பூங்காவின் பெயர், விடுதியின் பெயர், காட்டிலிருந்து வண்டி திரும்பும் நேரம் (பெய்ஜிங் நேரப்படி) மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள்.