சாயம் சிதைக்கும் பாக்டீரியாவைப் படித்தால் வேலை கிடைக்குமா?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு,

மகள் மைக்ரோபயாலஜி கேட்கிறாள், சாயக் கழிவுநீரை பாக்டீரியாவால் சுத்தம் செய்யும் துறைக்குப் போக வேண்டுமாம், இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் வேதியியலை அவள் விட்டுவிடக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். துணிச் சாயங்களில் பெரும்பங்கு அசோ சாயங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்திருக்கும் பிணைப்புதான் அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் சில பாக்டீரியாக்கள் அசோரிடக்டேஸ் என்ற நொதியால் அதை உடைக்கும். செக்கச்செவேல் என்றிருந்த தண்ணீர் வெளுத்துவிடும். வேலை முடிந்தது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். உடைந்து வருபவை அரோமேடிக் அமீன்கள். நிறம் போய்விட்டதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவற்றில் சில புற்றுநோய் வரவழைக்கக் கூடியவை. அவற்றைச் சிதைக்கக் காற்று ஊதும் இன்னொரு தொட்டி வேண்டும். அப்புறம் உப்பு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பை மூட்டை மூட்டையாகப் போடுகிறார்கள். அதில் பல நுண்ணுயிர்கள் பிழைப்பதில்லை. பிழைப்பவையும் உப்பை நீக்காது, அதற்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும்தான் வழி. தொட்டியில் என்ன நடக்கிறது என்று அளந்து சொல்லத் தெரியாதவருக்கு இங்கே வேலை இல்லை.

தேவை இருக்கிறதா? நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோலுக்கும் சாயம் போடுகிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு லேப் ஆட்கள் வேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது அங்கே கட்டாயம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. முடித்ததும் 'பாக்டீரியா ஆராய்ச்சியாளர்' என்று யாரும் வேலை தரமாட்டார்கள். சுத்திகரிப்பு நிலையத்திலோ தண்ணீர் பரிசோதனைக் கூடத்திலோ தண்ணீரில் மாசு எவ்வளவு என்று காட்டும் பி.ஓ.டி., சி.ஓ.டி. சோதனைகளைச் செய்யும் வேலைதான் முதலில் கிடைக்கும், சம்பளமும் சுமாராகத்தான் இருக்கும். அதனால் எம்.எஸ்சி. வரை படிக்க வைக்கத் தயாராக இருங்கள். அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சி.எல்.ஆர்.ஐ., நாக்பூரில் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் நீரி. இரண்டுமே மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் ஆய்வகங்கள். இளநிலை ஆய்வாளர்களுக்கான ஜே.ஆர்.எஃப். வாங்கினால் உதவித்தொகையோடு முனைவர் பட்டத்துக்குப் போகலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்ற பதவியும் இருக்கிறது, அறிவிப்பு வரும்போது கல்வித் தகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வேதியியல் துணைப்பாடமாக உண்டா, கடைசி ஆண்டு புராஜெக்டுக்குச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவார்களா, இந்த இரண்டையும் துறைத் தலைவரிடமே கேளுங்கள். மகளும் கூட இருக்கட்டும், இரண்டாவது கேள்வியை அவளே கேட்கட்டும்.