பட்டாலையில் பூதப்படை: ஆச்சி பதில்கள்

கேள்வி: ஆச்சி, எங்க வீட்டுக்காரர் ஒரு போர்டு கேம் வரவழைத்திருக்கிறார். பெட்டிக்குள் வீரன், மந்திரவாதி, எலும்புக்கூடு, டிராகன் என்று விரல் உயரத்துக்குச் சாம்பல் நிறப் பொம்மைகள். இரண்டு பேருமாகச் சேர்ந்து வர்ணம் தீட்டலாம் என்கிறார். எனக்குக் கோலம் வரும், அவருக்கு அதுவும் வராது. இரண்டு கை வேலை ஒரே ஆட்டத்தில் ஒட்டுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஒட்டும். பொம்மை நிற்கிற வட்டத் தட்டின் நிறத்தை மட்டும் முதலில் இரண்டு பேரும் பேசி முடித்துவிடுங்கள். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் 28 அல்லது 32 மில்லிமீட்டர் அளவுதான். ஆட்டத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது மூக்கும் முழியும் யாருக்கும் தெரியாது. தரை ஒன்றாக இருந்தால் படையும் ஒன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் செம்மண் தரைதான், டிராகன் உட்பட. வாசல் மண்ணைச் சலித்து, வெயிலில் காயவைத்து, ஃபெவிகால் தடவிய தட்டில் தூவுவோம். ஒட்டிக் காய்ந்ததும் மேலே காவி நிறம். அப்புறம் வெளிர் மஞ்சளைத் தூரிகையில் தொட்டு, முக்கால்வாசியும் பழைய துணியில் துடைத்துவிட்டு, மிச்சத்தை மேலாக வருட வேண்டும். மேடான இடம் மட்டும் பிடித்துக்கொள்ளும். இதுதான் டிரை பிரஷ். கடைசியில் எல்லாப் பொம்மைக்கும் ஒரே பழுப்பு வாஷ் கொடுங்கள். அந்த நீர்த்த வர்ணம் மடிப்புகளில் போய்த் தங்கி நிழல் காட்டும். உங்கள் கைக்கும் அவர் கைக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாதி மறைத்துவிடும்.

எலும்புக்கூடுகளை யார் வேண்டுமானாலும் தீட்டலாம். நாயகர்களை ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு அவர் பொம்மையை நீங்கள் திருத்தப் போகாதீர்கள். சேர்ந்து செய்கிற காரியம் கெடுவது அங்கேதான். சென்னையிலிருந்து லீவுக்கு வந்த என் பேரன் தீட்டிய சூனியக்காரிக்கு ஒரு கண் நெற்றிக்கு ஏறிவிட்டது. கை துறுதுறுத்தது, நான் தொடவில்லை. "அப்பத்தா, அவளுக்கு மேலேயிருந்து வர்றதெல்லாம் முன்னாடியே தெரியும்" என்று அவனே ஒரு சட்டம் போட்டு, ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறான்.

கோலம் போடுகிற கைக்கு ஒரு எச்சரிக்கை. கோலத்தில் கை முழுக்க ஓடும். இங்கே விரல்நுனி மட்டும்தான் அசைய வேண்டும். பொம்மையை மருந்து பாட்டில் மூடியில் ஒட்டிப் பிடித்து, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் நடுக்கம் நிற்கும்.

கேள்வி: மே மாதம் மொட்டை மாடியில் பிரைமர் (வர்ணத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு) ஸ்ப்ரே அடித்தேன். பொம்மை முழுக்க மணல் மணலாகிவிட்டது. ஏன்?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: நம்மூர் அக்கினி நட்சத்திரத்தில் நடுப்பகலில் அடித்தால் வேறென்ன ஆகும்? ஸ்ப்ரேயின் துளிகள் பொம்மையைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து தூளாகின்றன. விடிகாலையில், ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி நின்று, விட்டு விட்டு அடியுங்கள். ஐப்பசி மழையில் இன்னொரு தொல்லை: ஈரக் காற்றில் மேட் வார்னிஷ், அதாவது பளபளக்காத மேல்பூச்சு, அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

நானாக இருந்தால் ஸ்ப்ரேயை விட்டுவிட்டுத் தூரிகையால் தடவுகிற அக்ரிலிக் பிரைமர் வாங்குவேன். போர்டு கேம் பொம்மைகள் பலவும் பிவிசி என்கிற வளைகிற பிளாஸ்டிக். சில ஸ்ப்ரேக்கள் அதன்மேல் காயவே காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். எதுவானாலும் முதலில் பாத்திர சோப்பு போட்டுக் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுவழுப்பு ஒட்டியிருந்தால் வர்ணம் உரிந்து வரும்.

வெயில் காலத்தில் தட்டிலேயே வர்ணம் காய்கிறதா? மூடி போட்ட டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் கேக் சுடும் பேக்கிங் ஷீட். அதில் வர்ணம் கலந்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

கேள்வி: பெட்டியிலேயே வாள் வளைந்து வந்திருக்கிறது. திருப்பி அனுப்பவா?
– வாசகர், புதுவயல்

பதில்: பிவிசி பொம்மையாக இருந்தால் வேண்டாம். வெந்நீரில் சில விநாடி முக்கி, நேராக்கிப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் விடுங்கள். வர்ணம் தீட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

கேள்வி: "இந்த வயசுல பொம்மைக்குச் சாயமா?" என்று மாமியார் கேட்கிறார்.
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: புரவி எடுப்புக்கு முன்னால் வேளார் மண்குதிரைக்கு வர்ணம் பூசிக் கண் எழுதும்போது யாராவது அவர் வயதைக் கேட்டார்களா? மாமியார் கையிலும் ஒரு எலும்புக்கூட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கற்பனைக் கதைகளில் வரும் முரட்டு அரக்கன் ஓர்க் என்றால் பச்சையாகத்தான் இருக்க வேண்டுமா?
– பள்ளி மாணவி, பள்ளத்தூர்

பதில்: கட்டாயமில்லை கண்ணு. பச்சைத் தோல் ஓர்க்கை ஊரெல்லாம் பரப்பியதில் 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்த வார்ஹேமர் என்ற பொம்மைப் போர் விளையாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் பச்சை சட்டமாகிவிடுமா? என்னுடையது மாநிறம், இடுப்புத் துணியில் கண்டாங்கிச் சேலைக் கட்டம். கடுகு மஞ்சளைத் தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து இரண்டு பூச்சு. காய்ந்ததும் அரக்குச் சிவப்பில் நெடுக்குக் கோடுகள், துணி மடிகிற இடத்தில் கோடும் மடிய வேண்டும். பிறகு குறுக்குக் கோடு, கடைசியில் கறுப்புக் கரை. தூரிகை முனையைக் கூராக்க நாக்கில் வைக்காதே, சில வர்ணங்களில் நஞ்சு உண்டு. ஈரமான துணியில் உருட்டி எடு, போதும்.