பசுவுக்கு நான்கு கால்கள்: பெற்றோர், ஆசிரியர் கேள்விகளுக்குப் பதில்

சோழவந்தான் வட்டாரத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி குறித்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறார்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ‘பசு’ கட்டுரையை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்குகிறாள். ‘இன்று பள்ளியில் என்ன நடந்தது, எழுது’ என்றால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், திருமங்கலம்

அந்தப் பத்து மதிப்பெண் உங்கள் மகளின் நினைவாற்றலுக்குக் கிடைத்தது, அம்மா. அவளுடைய எழுத்தை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. ‘பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு’ என்று நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை இருந்தால் திருத்துவது எளிது. விடியற்காலையில் தொழுவத்தில் சாணி அள்ளிவிட்டு வந்த பையனும் அந்த நான்கு கால்களைத்தான் எழுதினான். அவன் வீட்டு மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே என்று இன்றும் வருந்துகிறேன்.

‘என்ன நடந்தது’ என்பது எட்டு வயதுக்கு மிகப் பெரிய கேள்வி. எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியாது. சின்னதாகக் கேளுங்கள். மதியச் சாப்பாட்டு வரிசையில் உனக்கு முன்னால் நின்றது யார்? முட்டையை முதலில் சாப்பிட்டாயா, கடைசிக்கு வைத்திருந்தாயா, ஏன்? அவள் வாயால் சொல்லட்டும். குறுக்கிடாமல் கேளுங்கள். சொல்லி முடித்த கையோடு, ‘இப்போது சொன்னதை அப்படியே எழுது’ என்று நோட்டைக் கொடுங்கள். பேச்சு சூடு ஆறுவதற்குள் எழுத வேண்டும். மறுநாள் கேட்டால் வராது.

கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்த பிறகு, என் தங்கையின் பேத்தியை அழைத்துப் போயிருந்தேன். நான்காம் வகுப்புப் பிள்ளை. பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழ் பிராமி எழுத்தில் கீறியிருப்பதைப் பார்த்துவிட்டு, ‘ஏன் பானையில் பேர் எழுதினார்கள்?’ என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ‘நீயே யோசித்து எழுது’ என்றேன். பஸ்ஸில் வரும்போது என் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: ‘விசேசத்துல பானை மாறிப் போகும். அதனால எழுதியிருப்பாங்க. எங்க வீட்டு அண்டாவுலயும் அப்பத்தா பேர் வெட்டியிருக்கு.’ பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவதையும் கீழடியையும் அவளாகவே முடிச்சுப் போட்டாள். நாம் கண்ணால் பார்க்கிற ஒரு பொருளைக் காட்டி, நிசமான ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் பிள்ளைகள் எழுதுவார்கள். உங்கள் வீட்டுப் பாத்திரங்களிலிருந்தே தொடங்குங்கள்.

நான்காம், ஐந்தாம் வகுப்பு இரண்டுக்கும் சேர்த்து 34 பிள்ளைகள். சொந்தமாக எழுதச் சொன்னால் வரிக்கு நான்கு பிழை. சிவப்பு மையில் திருத்தித் திருத்தி நோட்டே சிவந்துவிடுகிறது, அடுத்த வாரமும் அதே பிழைகள். மதிப்பெண் எப்படிப் போடுவது?
– இளம் ஆசிரியர், மேலூர் ஒன்றியம்

தம்பி, எனக்குக் கிடைத்த ஒரு நோட்டை அப்படியே தருகிறேன். வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போகிறவரின் மகன், ஐந்தாம் வகுப்பு. ‘வீட்டில் ஒருவரின் கை’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். அவன் எழுதியது:

‘எங்கப்பா கொடிக்காலுக்கு போவார். விடியகாலைல போவார். பெருவிரல்ல இரும்பு நகம் மாட்டி வெத்தலை கில்லுவார். கை பச்சையா இருக்கும். சோறு ஊட்டும்போது வாசம் வரும்.’

சிவப்பு மையோடு உட்கார்ந்தால் ஐந்து வரியிலும் வேலை இருக்கிறது. ‘கில்லுவார்’ தவறு, ‘கொடிக்காலுக்கு’க்குப் பிறகு ப் இல்லை, ‘விடியகாலைல’ பேச்சு வழக்கு, ‘போவார்’ இரண்டு முறை. ஆனால் அந்தக் கடைசி வரியை எந்தத் துணைநூலிலிருந்தும் எடுத்திருக்க முடியாது. அதைத் தொடாமல் பிழைகளை மட்டும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த வாரம் அவன் பிழை வராத வாக்கியங்களாகப் பார்த்து எழுதுவான். ‘அப்பா நல்லவர். அப்பா உழைப்பவர்.’ நாம் அதற்கு முழு மதிப்பெண் போடுவோம்.

நான் செய்தது இவ்வளவுதான். வகுப்பில் உரக்கப் படித்தேன். ‘என்ன வாசம்டா அது?’ என்று கேட்டேன். ‘காரமா, மழை பேஞ்ச மாதிரி’ என்றான். ‘அதையும் எழுது’ என்றேன். பிறகு ‘கில்லுவார்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிள்ளு, பள்ளம், முள், தோள் என்று அந்த வாரம் முழுவதும் ளகரம். மற்றப் பிழைகளை வேண்டுமென்றே விட்டேன். ஒரு நோட்டுக்கு ஒரு வகைப் பிழைதான் திருத்துவது என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு. மறுவாரம் அதே ஐந்து வரியைத் திரும்ப எழுதச் சொன்னேன். இரண்டு ‘போவார்’ ஒன்றானது. நான் சொல்லவில்லை, உரக்கப் படிக்கையில் அவன் காதே சொல்லிவிட்டது.

இனி மதிப்பெண். எழுத, படிக்க, கணக்குப் போடக் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபோது 1 முதல் 3 வகுப்புப் பிள்ளைகளை, அடிப்படை நிலையில் இருப்பவர் அரும்பு, அடுத்து மொட்டு, வகுப்புக்கு ஏற்ற நிலையில் இருப்பவர் மலர் என்று பிரித்தார்கள். நிலை அறிந்து கற்பிப்பது நல்லதுதான். ஆனால் எழுத்தில் ஒரே பிள்ளை எழுத்துப்பிழையில் அரும்பாகவும் சொல்ல வந்த விஷயத்தில் மலராகவும் இருப்பான். கொடிக்கால் பையன் அப்படித்தான். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டால், எது இருக்கிறது, எது இல்லை என்று அவனுக்கும் புரியாது, அவன் அம்மாவுக்கும் புரியாது. அதனால் பத்தை உடைத்துப் போடுவேன். சொன்ன விஷயத்துக்கு 4, வாக்கியமும் வரிசையும் சேர்த்து 3, எழுத்தும் புள்ளியும் 3. அவனுக்கு 4, 2, 1 போட்டேன். மொத்தம் 7. மொத்தத்தை அவன் மறந்திருப்பான். அந்த 4-ஐ வீட்டில் காட்டினான் என்று அவன் அம்மா வந்து சொன்னார்.

34 நோட்டையும் ஒரே நாளில் திருத்தாதீர்கள். நாளுக்கு ஏழு போதும், வாரத்தில் முடிந்துவிடும். ஜூனில் எழுதிய ஒரு தாளை எடுத்து வைத்துப் பிப்ரவரியில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறித் தேர்வு சொல்லாததை அந்த இரண்டு தாள்கள் சொல்லும்.

பிள்ளைகள் ‘மாமா வீட்டிலிருந்து வந்தாய்ங்க’, ‘அவிங்க சொன்னாய்ங்க’ என்று கட்டுரையில் எழுதுகிறார்கள். கொச்சை என்று கண்டித்தும் மாறவில்லை.
– ஆசிரியை, உசிலம்பட்டி

கண்டிக்காதீர்கள், டீச்சர். அது அந்தப் பிள்ளை தாய் மடியில் கேட்ட தமிழ். ‘வந்தாய்ங்க’ என்பதைப் பலரைக் குறிக்கும்போது மட்டும்தான் சொல்கிறான். ஒருவரைக் குறிக்கும்போது ஒருநாளும் தவறிச் சொல்ல மாட்டான். இலக்கணம் அவனிடம் இருக்கிறது. நாம் தர வேண்டியது இன்னொரு வடிவம்.

கரும்பலகையை நடுவில் கோடிட்டு, ஒரு பக்கம் ‘வீட்டுத் தமிழ்’, மறுபக்கம் ‘ஏட்டுத் தமிழ்’ என்று எழுதுவேன். வந்தாய்ங்க – வந்தார்கள். அவிங்க – அவர்கள். வெத்தலை – வெற்றிலை. பிள்ளைகளே போட்டி போட்டு நிரப்புவார்கள். மூன்று வாரத்தில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அதோடு மேற்கோள் குறியையும் கற்றுக் கொடுங்கள். அப்பத்தா பேசுவதை எழுதும்போது குறிக்குள் வீட்டுத் தமிழ் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ‘அவர்கள் வந்துவிட்டார்கள்’ என்று உசிலம்பட்டியில் எந்த அப்பத்தா சொல்லியிருக்கிறார்?

என் பேரன் இரண்டாம் வகுப்பு. நான் எழுதும் ‘லை’, ‘னை’ தவறு என்கிறான். அவன் கையெழுத்தோ கோழிக் கிறுக்கல். யாரைத் திருத்துவது?
– ஒரு தாத்தா, செல்லூர்

ஐயா, நீங்கள் எழுதுவது தவறில்லை. தலையில் தும்பிக்கை போல் வளைந்து நிற்கும் அந்தப் பழைய வடிவங்களை 1978-ல் அரசு மாற்றியது. ணா, றா, னா, லை, னை உட்பட 13 எழுத்துகள் அப்போது மாறின. பேரனுக்கு இதைச் சொல்லிப் பழைய ‘னை’யை வரைந்து காட்டுங்கள், மிகவும் ரசிப்பான்.

கையெழுத்து படிக்கும்படி இருந்தால் இப்போதைக்குப் போதும். இரட்டைக் கோடு நோட்டில் நாளுக்கு ஐந்து வரி, பென்சிலைப் பிடிக்கும் விரல்களை மட்டும் கவனியுங்கள். பிஞ்சு விரல் வலிக்கப் பக்கம் பக்கமாக எழுத வைத்தால் எழுத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

இன்னொன்று செய்யுங்கள். அஞ்சலட்டை 50 காசுதான். ஒரே வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை, அவன் பெயருக்கு ஒரு கார்டு எழுதித் தபால் பெட்டியில் போடுங்கள். தபால்காரர் அவன் பெயரைக் கூப்பிடட்டும். கார்டில் ஒரு கேள்வி கேளுங்கள், பதில் எழுத வெற்று அட்டை ஒன்றும் வாங்கி வைத்திருங்கள். அவன் எழுதும் பதிலில் பிழை இருக்கும். அதைத் திருத்த வேண்டாம். அவன் பிழையாக எழுதிய சொல்லை உங்கள் அடுத்த கார்டில் சரியாக எழுதுங்கள், அவனே பார்த்துக்கொள்வான்.