காதுக்குப் பின்னால் ஒரு ‘பிராசஸ்’

கேள்வி: எங்கள் வங்கிக் கிளையில் படிவங்களைத் தமிழில் மாற்றுகிறோம். ‘பிராசஸ்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘செயலாக்கம்’ என்றே போடச் சொல்கிறார் மேலாளர். பாதி இடத்தில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக இருப்பதற்குத் தமிழிலும் ஒரே சொல் இல்லாதது நம் மொழியின் குறைதானே?
- வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: குறை யாருடையது என்பதை அப்புறம் பார்ப்போம். ஈரோட்டிலிருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! உங்கள் ஊரிலும் திருப்பூரிலும் ‘பிராசஸிங்’ என்றால் துணியை வெளுப்பதும் சாயம் ஏற்றுவதும்தானே? நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது சாயப்பட்டறைகளை. ‘செயலாக்கக் கூடங்கள் மூடல்’ என்று அன்று தலைப்புப் போட்டிருந்தால் வங்கிக்குப் பூட்டு என்றல்லவா நினைத்திருப்பீர்கள்!

அதே சொல் வாணியம்பாடிக்குப் போனால் தோல் பதனிடுதல். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலை ஊறப்போட்ட காலத்திலேயே வந்துவிட்ட பெயர் அது. ஸ்டுடியோக்காரர்கள் ஃபிலிமைக் ‘கழுவினார்கள்’. கெட்ட செய்தியைக் கேட்டுவிட்டு, “பிராசஸ் பண்ண டைம் வேணும்” என்கிறார்கள் இன்றைய பிள்ளைகள். “ஜீரணிக்க முடியலை” என்பாள் பாட்டி. பாட்டியின் சொல்லில் வயிறும் இருக்கிறது.

நீதிமன்றத்தில் கதையே வேறு. அங்கே பிராசஸ் என்பது சம்மன், வாரண்ட் போன்ற கட்டளை. அதனால்தான் அதை எழுதும் பணியிடத்துக்குக் ‘கட்டளை எழுத்தர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் மேலாளர் கைக்குப் போயிருந்தால் ‘செயலாக்க எழுத்தர்’ ஆகியிருப்பார் பாவம். மருத்துவர்களைக் கேளுங்கள்: காதுமடலுக்குப் பின்னால் தடவினால் தட்டுப்படும் எலும்பு மேடும் ஒரு பிராசஸ்தான், ‘மாஸ்டாய்டு பிராசஸ்’. இங்கே எதுவும் செயல்படவில்லை, எலும்பு சற்றே துருத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

‘முன்னே செல்வது’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரில் கிளைத்த சொல் இது. ஊர்வலத்தைக் குறிக்கும் ‘புரொசெஷன்’ இதற்கு உடன்பிறப்பு. இங்கிலாந்தில் பாதிரிமார் வரிசையாகத் தேவாலயத்துக்குள் நடந்து போவதையும் இதே எழுத்துகளால் எழுதி, அழுத்தத்தை மட்டும் கடைசி அசைக்கு நகர்த்திச் சொல்கிறார்கள்.

ஆக, ஒரே சட்டையை வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அதைச் செழிப்பு என்கிறீர்கள். ஆளுக்கொரு சட்டை வைத்திருக்கும் நம்மைப் பார்த்து வறுமை என்கிறீர்கள்! சட்டை மாற்றிப் போடுவது நமக்கும் தெரியாததல்ல. நன்னூல் பதவியலில் பதம் என்றால் சொல். அடுக்களையில் அதுவே பாகின் கம்பிப் பதம். பரத மேடையில் அபிநயத்துக்கு ஏற்ற பாட்டு. இது மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் கேட்டு நாம் யாரையும் படுத்தியதில்லை.

உங்கள் படிவத்துக்கு வருகிறேன். ‘பிராசஸிங் ஃபீ’ என்றால் பரிசீலனைக் கட்டணம். காசோலை என்றால் ‘வசூலுக்கு அனுப்பப்பட்டது’ என்று நடந்ததையே எழுதிவிடுங்கள். கடன் விண்ணப்பம் மூன்று வாரமாக யார் மேஜையிலிருந்தும் நகராமல் கிடந்தால் மட்டும் ‘செயலாக்கத்தில் உள்ளது’ என்று போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்கும் அகப்படவில்லை.