ஜார்ஜியாவின் பான்கிசிப் பள்ளத்தாக்கில் வாழும் கிஸ்ட் மக்கள் பேசுவது செச்சென் மொழியா, தனி மொழியா? செச்சென் பாடநூலை வைத்து அதைக் கற்க முடியுமா?

செச்சென்தான். தனி மொழி இல்லை, ஒரு வட்டார வழக்கு. ரஷ்யாவில் உள்ள செச்சினியாவின் தலைநகர் குரோஸ்னிக்காரரும் பான்கிசியின் துயிசி ஊர்க்காரரும் இடையில் ஆள் வைக்காமலே பேசிக்கொள்வார்கள். பாடநூலைப் பொறுத்தவரை இலக்கணத்துக்கு அது போதும், காதுக்குப் போதாது.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 'கிஸ்ட்' என்பது ஜார்ஜியர்கள் வைத்த பெயர். காகசஸ் மலைக்கு அப்பால் இருந்த செச்சென் மக்களையும் அவர்களின் உறவினமான இங்குஷ் மக்களையும் முன்பு அப்படித்தான் அழைத்தார்கள். ஆகவே பழைய ஜார்ஜிய ஆவணத்தில் 'கிஸ்ட்' என்று கண்டதும் அது பான்கிசிதான் என்று முடிவுகட்டக் கூடாது. குடும்பப் பெயர்களும் ஏமாற்றும். பலருக்கு அவை 'ஷ்விலி' என்ற ஜார்ஜிய விகுதியில் முடியும். அது பதிவேட்டின் வேலை, மொழிக்குச் சாட்சியாகாது. தங்களை அவர்கள் 'நொஹ்சி' என்றோ 'வைநாஹ்' என்றோதான் சொல்லிக்கொள்வார்கள்.

பான்கிசி ஜார்ஜியாவின் காகேதி வட்டாரத்தில், அக்மேதா நகராட்சிக்குள், அலாசானி ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது. துயிசி, ஜோகோலோ, பிர்கியானி, ஓமாலோ ஆகியவை முக்கிய ஊர்கள். 2014 கணக்கெடுப்பில் கிஸ்ட் என்று பதிந்தவர்கள் 5,700 பேர் அளவுக்குத்தான். ரஷ்யாவில் செச்சென் பேசுவோர் 13 லட்சத்துக்கு மேல் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சின்னக் கூட்டம் என்று தெரியும். மைஸ்தி, மெல்ஹி போன்ற உயர்மலைக் குலங்களிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள்.

இந்தப் பிரிவுக்குப் பின் நடந்ததுதான் மொழிக்கு முக்கியம். 1944 பிப்ரவரி 23 அன்று தொடங்கி செச்சினியாவின் செச்சென் மக்கள் முழுவதுமாக மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். 1957-இல் திரும்பியபோது உயர்மலை ஊர்கள் பலவற்றில் மீண்டும் குடியேற விடவில்லை. சமவெளியில் எல்லா மலைப்பேச்சும் ஒன்றோடொன்று கலந்தன. எழுத்து மொழியோ முதலிலிருந்தே சமவெளி வழக்கை அடிப்படையாகக் கொண்டது. ஜார்ஜியாவில் இருந்த கிஸ்ட் மக்களை நாடுகடத்தவில்லை. அதனால் அவர்கள் பேச்சில் மலைச்சாயல் தங்கியது, ரஷ்ய மொழி இருக்க வேண்டிய இடத்தில் ஜார்ஜிய மொழி வந்து உட்கார்ந்தது. காரைச் சொல்லும்போது குரோஸ்னியில் ரஷ்யத்திலிருந்து வந்த 'மஷென்' கேட்கும், பான்கிசியில் ஜார்ஜிய 'மன்கானா' கலக்கும். பள்ளிக்கூடம், அலுவலகம், வீட்டு மின்சாதனம் என்று பேச்சு போனால் இந்த வேறுபாடு கூடும். ஆடு, மாடு, உறவு, சோறு என்று போனால் குறையும். செச்சினியாவில் 1999-இல் தொடங்கிய போரின்போது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள், சமவெளி வழக்கும் கூடவே வந்தது. இன்றைய இளைஞர் பேச்சை அளவுகோலாக வைத்து 'கிஸ்ட் வழக்கு இதுதான்' என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. முதியவர்களின் பேச்சைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இனி கற்பது பற்றி. எழுத்திலிருந்து தொடங்காதீர்கள், ஒலியிலிருந்து தொடங்குங்கள். தமிழ்க் காதுக்கு எல்லாம் 'கா' என்று கேட்கும் நான்கு சொற்கள் இருக்கின்றன: செம்மறிக் கடா, கோதுமை, வயல், பாவம். முதலாவது சாதாரண 'க', கொஞ்சம் மூச்சோடு. இரண்டாவதில் நாக்கை அதே இடத்தில் வைத்து, தொண்டையை இறுக்கி மூடி, மூச்சு வராமல் 'டக்' என்று விடுவிக்க வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் இன்னும் பின்னால், உள்நாக்குப் பக்கம். மூன்றாவது மூச்சோடு, நான்காவது இறுக்கத்தோடு. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள். கடாவுக்கும் வயலுக்கும் தாள் அசையும், கோதுமைக்கும் பாவத்துக்கும் அசையக் கூடாது. தொண்டை ஒலிகளில் குர்ஆன் ஓதப் பழகியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அரபியின் ஆழமான 'ஹா'வும் 'ஐன்' ஒலியும் இங்கே அப்படியே இருக்கின்றன.

அடுத்தது பெயர்ச்சொல்லின் வகுப்பு. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் வ, ய, த, ப என்ற நான்கு அடையாளங்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் (தகரத்தையும் பகரத்தையும் 'தயவு', 'பலம்' என்பவற்றில் வருவது போல் அதிர்வோடு சொல்லுங்கள்). 'இருக்கிறது' என்பதற்கு ஆணுக்கு வு, பெண்ணுக்கு யு, குழந்தைக்கு து, சூரியனுக்கு பு. குதிரை பெண்ணோடு சேர்ந்து யு வாங்கும். அதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. சகோதரன் 'வஷ', சகோதரி 'யிஷ' என்பவற்றில் அடையாளம் சொல்லின் தலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மற்றப் பெரும்பாலான சொற்களில் வெளியே தெரியாது. ஆகவே சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், வு, யு, து, பு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். வரவேற்புச் சொல்லிலேயே இது வந்துவிடும்: ஆணிடம் 'மர்ஷ வோகீல', பெண்ணிடம் 'மர்ஷ யோகீல', பலரிடம் 'மர்ஷ தோகீல'. வரவேற்பாகச் சுவர்களில் எழுதியிருப்பது பலருக்கான வடிவம். அதைப் பார்த்துப் பழகிவிட்டு ஒரே ஆளிடம் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

தமிழர்களுக்கு இரண்டு இடங்களில் வேலை மிச்சம். நாம், நாங்கள் என்ற வேறுபாடு செச்சென்னிலும் உண்டு: 'வை' என்றால் நாம், 'த்ஹோ' என்றால் நாங்கள். வைநாஹ் என்பதன் பொருளே 'நம் மக்கள்'. ரஷ்ய மொழி வழியாகக் கற்பவர்கள் இதில் தடுமாறுவார்கள். 'எனக்குப் பிடிக்கும்' என்பது போன்ற அமைப்பும் இருக்கிறது. 'சுன ஹோ யெஸ' என்றால், பெண்ணிடம், எனக்கு உன்னைப் பிடிக்கும். ஆணிடம் 'வெஸ'. வினை பார்ப்பது பிடித்தவரை அல்ல, பிடிக்கப்பட்டவரை.

எண்கள் இருபதின் மடங்கில் ஓடும். முப்பது என்பது இருபதும் பத்தும், நாற்பது இரண்டு இருபது, அறுபது மூன்று இருபது, எண்பது நான்கு இருபது. ஜார்ஜிய மொழியும் இப்படித்தான் எண்ணும் என்பதால் கிஸ்ட் குழந்தைகளுக்குப் பள்ளியில் இதில் சிக்கல் வருவதில்லை.

பள்ளி நடப்பது ஜார்ஜிய மொழியில். தாய்மொழி விருப்பப் பாடமாக நுழைந்தது சமீபத்தில்தான். அதனால் கைப்பேசிச் செய்திகளில் ஒருவர் ஜார்ஜிய எழுத்தில் எழுதுவார், இன்னொருவர் லத்தீனில். இறுக்கமான ஒலிகளுக்கு ஜார்ஜிய எழுத்து அருமையாகப் பொருந்தும், ஆறு ஒலிக்கும் ஆறு தனி எழுத்து இருக்கிறது. தொண்டை ஒலிகளுக்கும் 'அ'வுக்கும் 'எ'வுக்கும் இடைப்பட்ட உயிர்களுக்கும் அதில் எழுத்தில்லை, ஆளாளுக்கு ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். செச்சினியாவில் எழுதப் பயன்படும் சிரிலிக்கில் (ரஷ்ய எழுத்து வகை) 49 எழுத்து இருந்தும் நெடில் குறில் காட்டப்படுவதில்லை. சொல்லின் ஈற்றில் எழுதும் 'ன்' பல இடங்களில் வெறும் மூக்கொலிதான், நாம் பேச்சில் 'மரம்' என்பதை முடிப்பது போல.

இணையத்தில் தேடும்போது ஒன்று கவனியுங்கள். சிரிலிக்கில் இறுக்கத்தைக் காட்டச் செங்குத்துக் கோடு போன்ற ஒரு குறி உண்டு. விசைப்பலகையில் அது கிடைக்காதவர்கள் எண் 1-ஐத் தட்டிவிடுவார்கள். ஒரே சொல்லை இரண்டு விதமாகவும் தேடாவிட்டால் பாதி முடிவுகள் வராது. வரைபடத்திலும் 'ஓமாலோ' என்று தேடினால் பெரும்பாலும் துஷேதி என்ற மலைவட்டாரத்தின் ஊர்தான் முதலில் வரும், பான்கிசி ஓமாலோ வேறு. அதே அக்மேதா நகராட்சியில் ஜெமோ அல்வானி என்ற ஊரில் பேசப்படும் பாத்ஸ்பி மொழியும் செச்சென் சேர்ந்த நாஹ் மொழிக் குடும்பம்தான், ஆனால் அதைக் கிஸ்ட் பேச்சு என்று எண்ணிப் பதிவுகளைக் கேட்கத் தொடங்கிவிடாதீர்கள். கிஸ்ட் மக்களுக்கே அது புரியாது.